30 படுக்கை மெடிக்கல் வார்டு: ஒரே வருடத்தில் 9 ஸ்டாஃப் விலகல், டியூட்டி சார்ட்டில் எங்கே தப்பு?

கேள்வி: வார்டுஇன்சார்ஜ்

எல்லாருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் இருக்கும் 150 படுக்கை தனியார் மருத்துவமனை. கேள்வி அதன் 30 படுக்கை மெடிக்கல் வார்டைப் பற்றியது. விவரம் இதுதான்:

ஸ்டாஃப் நர்ஸ் இடங்கள் 16. காலை 5 பேர், ஈவினிங் 5 பேர், நைட்டுக்கு 4 பேர் என்று சார்ட்டில் இருக்கிறது. ஆனால் நைட்டில் பல நாள் 3 பேர்தான். புதிதாகச் சேர்பவருக்குச் சம்பளம் 18,000. நைட் 7 நாள் தொடர்ச்சி, பிறகு 1 நாள் ஆஃப். கடந்த 12 மாதத்தில் 9 பேர் போய்விட்டார்கள். ராஜினாமா கடிதத்தில் "திருமணம்", "மேற்படிப்பு", "சொந்த ஊர்" என்றுதான் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள்.

நிர்வாகம் இரண்டு யோசனை சொல்கிறது. ஒன்று, இரண்டு வருடம் வேலையை விடமாட்டேன், விட்டால் பணம் கட்டுவேன் என்று எழுதி வாங்கும் பாண்டு போட்டு ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைப்பது. இன்னொன்று, மாதம் ஒரு முறை யோகா வகுப்பு. இரண்டும் பலன் தருமா? இல்லையென்றால் எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்? கணக்கோடு சொன்னால் நிர்வாகத்திடம் எடுத்துப் பேச வசதியாக இருக்கும்.

---

பதில் 1: சார்ட்கணக்கு

சிஸ்டர், முதலில் அந்த 16 என்ற எண்ணைப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு நாளைக்கு 5 + 5 + 4, ஆக 14 ஷிஃப்ட். வருடத்துக்கு 14 × 365 = 5,110. இனி ஒரு நர்ஸ் வருடத்தில் எத்தனை நாள் வார்டில் நிற்க முடியும்? வார ஆஃப் 52, கேஷுவல் லீவ் 12, சிக் லீவ் 12, ஈட்டிய விடுப்பு 15, பண்டிகை மற்றும் தேசிய விடுமுறை 10 என்று வைத்தால் 101 நாள் போகும். மீதி 264. உங்கள் மருத்துவமனை விதிப்படி இந்த எண்கள் கொஞ்சம் மாறும், மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

5,110 ÷ 264 = 19.4. அதாவது 20 பேர் வேண்டும், இருப்பது 16. அந்த 16 பேரும் ஒருவர்கூட விலகாமல் இருந்தாலே 16 × 264 = 4,224 ஷிஃப்ட்தான் வரும். 886 ஷிஃப்ட் துண்டு விழுகிறது. தலைக்கு வருடத்துக்கு 55 நாள், மாதத்துக்கு நாலரை நாள். உங்கள் வார்டில் ஆஃப் கேன்சல் ஆவதும், ஈவினிங் முடித்தவரை அப்படியே நைட்டுக்கு நிறுத்துவதும் யாரோ திடீரென்று லீவ் போட்டதால் வருவது அல்ல. சார்ட் எழுதும் முன்பே அது முடிவாகிவிட்டது. லீவ் கேட்டவரைக் குற்றவாளி மாதிரிப் பார்க்கும் பழக்கமும் இங்கிருந்துதான் வருகிறது.

மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு 1991-92இல் வகுத்த அளவைப் பாருங்கள். பொது வார்டில் 6 படுக்கைக்கு ஒரு நர்ஸ், ஐசியூவில் படுக்கைக்கு ஒருவர். அதற்கு மேல் ஆஃப், விடுப்பு, பிரசவ விடுப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து 45 சதவீதம் கூட்டச் சொல்கிறது. உங்கள் 14ஐ 1.45ஆல் பெருக்கினால் 20.3. மேலே போட்ட கணக்கும் இதுவும் ஒன்றாக வருவதைக் கவனியுங்கள். பல மருத்துவமனைகளில் 45க்குப் பதில் 10 சதவீதம் போட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

இதைப் பணமாக்கியும் காட்டுங்கள். 18,000ஐ 26 வேலை நாளால் வகுத்தால் ஒரு ஷிஃப்டுக்கு 692 ரூபாய். 886 ஷிஃப்டுக்குச் சாதாரண விகிதத்தில் சுமார் 6.13 லட்சம், இரட்டிப்பாக ஓவர்டைம் கொடுத்தால் சுமார் 12.26 லட்சம். நான்கு பேரைக் கூடுதலாக எடுத்தால் வருடத்துக்கு 8.64 லட்சம். நிர்வாகம் இதுவரை ஓவர்டைமும் தராமல், ஆளும் எடுக்காமல் இருந்தால் அந்தத் தொகையை ஸ்டாஃப்கள் தங்கள் தூக்கத்திலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். "கம்ப் ஆஃப் (கூடுதலாக வேலை பார்த்த நாளுக்கு ஈடான விடுப்பு) தருகிறோம்" என்று நோட்டில் எழுதி, அது 20 நாள், 30 நாள் என்று சேர்ந்தும் எடுக்க விடாமல் இருப்பதும் இதே கடன்தான்.

---

பதில் 2: நைட்ஷிஃப்ட்

மேலே உள்ள கணக்கு சரி. ஒரு இடத்தில் மட்டும் திருத்தம் வேண்டும், அது நைட் ஆஃப்.

நைட் முடித்துக் காலை 8 மணிக்கு ஓவர் கொடுத்துவிட்டு (அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைத்துவிட்டு) வெளியே வரும் அந்த நாளையே சார்ட்டில் "ஆஃப்" என்று குறிக்கிறார்கள். அது ஆஃப் அல்ல. அந்தப் பகல் தூங்கப் போய்விடும், மறுநாள் காலை மார்னிங் டியூட்டிக்கு வந்து நிற்க வேண்டும். உங்கள் "7 நைட், 1 ஆஃப்" அப்படித்தான் ஓடுகிறதா என்று பழைய சார்ட்டை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

நைட் முடிந்து இறங்கும் நாளைத் தூக்க நாள் என்று தனியாக எழுதுங்கள், ஆஃப் கணக்கில் சேர்க்காதீர்கள். மாதம் இரண்டு நைட் சுற்று என்றால் வருடத்துக்கு 24 தூக்க நாள். 264 குறைந்து 240 ஆகும். 5,110 ÷ 240 = 21.3, ஆக 22 பேர். நிர்வாகம் 22க்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் 20இல் ஆரம்பித்து, தூக்க நாளை வார ஆஃபுடன் ஒட்டிக் கொடுங்கள். 16இல் எதைச் செய்தாலும் நிற்காது.

7 நைட் தொடர்ச்சியை உடையுங்கள். மூன்று நைட், பிறகு தூக்க நாள், அடுத்து முழு ஆஃப். உடல் பகலில் தூங்கும்போது தினமும் ஒன்று இரண்டு மணி நேரம் குறைவாகவே தூங்கும். அந்தக் குறை ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போகும். நான்காவது, ஐந்தாவது நைட்டில் விடிகாலை 3 முதல் 5 மணிக்குள் மருந்து அளவைத் தப்பாகப் படிப்பது இதனால்தான், அலட்சியத்தால் அல்ல. 22 பேர் இருந்தால் ஒருவருக்கு மாதம் ஐந்து அல்லது ஆறு நைட்தான் வரும், மும்மூன்றாகப் பிரிக்க அது சரியாக இருக்கும். 16 பேர் என்றால் ஏழு எட்டு.

சுழற்சி முன்னோக்கிப் போகட்டும்: மார்னிங், ஈவினிங், நைட். ஈவினிங் 8 மணிக்கு முடித்தவரை மறுநாள் காலை 7 மணிக்கு மார்னிங் போடாதீர்கள். நடுவில் 11 மணி நேரம் இருப்பது போலத் தெரியும். ஓவர் கொடுத்து முடிக்க 8:40, பஸ் பிடித்து வீடு சேர 9:30, சாப்பிட்டுப் படுக்க 11, காலை 5 மணிக்கு எழ வேண்டும். ஆறு மணி நேரத் தூக்கம்கூட நிச்சயமில்லை.

நைட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் 20 முதல் 30 நிமிடம் படுக்க விடுங்கள். மறைந்து தூங்குவதைவிட நேரம் எழுதி, பக்கத்து ஸ்டாஃபிடம் நோயாளிகளை ஒப்படைத்துவிட்டுத் தூங்குவது பாதுகாப்பு. எழுந்தவுடன் ஊசி போடக் கூடாது. மூளை தெளிய 15 நிமிடமாவது ஆகும்.

---

பதில் 3: பெட்சைடு

ஆள் எண்ணிக்கை ஏன் மனதைத் தின்கிறது என்பதை நிர்வாகத்துக்கு ஒரே ஒரு வேலையை வைத்துக் காட்டலாம். இரவு 10 மணி ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோயாளிக்குக் கேஸ் ஷீட்டில் ஆர்டர் பார்த்து, கைப்பட்டை பார்த்து, குப்பியில் உள்ள மருந்தைக் கரைத்து, 100 மில்லி சலைனில் சேர்த்து, லேபிள் ஒட்டி, கேனுலா (நரம்பில் மருந்து ஏற்றக் கையில் செருகிய குழாய்) அடைத்திருக்கிறதா என்று ஃப்ளஷ் செய்து, சொட்டு வேகம் வைத்து, ட்ரக் சார்ட்டில் நேரம் போட்டுக் கையெழுத்து வைக்க 7, 8 நிமிடம் ஆகும். 6 நோயாளிக்கு 45 நிமிடம். 3 பேர் மட்டும் நிற்கும் நைட்டில் ஆளுக்கு 10 நோயாளி, 75 நிமிடம். நடுவில் ஒரு கேனுலா வீங்கினால், ஒரு அட்மிஷன் வந்தால், ஒருவர் மூச்சுத் திணறினால், கடைசி இரண்டு பேருக்கு மருந்து 11:30க்குத்தான் போகும். ஆனால் சார்ட்டில் 10 என்று இருக்க வேண்டும்.

இங்கேதான் அந்த நர்ஸ் உடைகிறாள். ஒன்று, உண்மை நேரத்தை எழுதி மறுநாள் ரவுண்ட்ஸில் திட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் எல்லாருக்கும் 10 என்று முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டு, பயத்தோடு ஓட வேண்டும். படித்தது ஒன்று, செய்யவேண்டி வருவது ஒன்று என்று தினமும் நடந்தால் எட்டு மணி நேர உடல் உழைப்பைவிட அதுதான் அதிகம் களைப்பாக்கும். அமெரிக்காவில் லிண்டா எய்க்கன் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வு இதையே எண்ணில் சொன்னது: ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், நர்ஸ் மனச்சோர்வு அடையும் வாய்ப்பு 23 சதவீதமும் கூடியது. கலிஃபோர்னியாவில் மெடிக்கல் வார்டுக்கு 2005 முதல் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று சட்டமாகவே இருக்கிறது.

யோகா வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சமாளிக்கப்படாமல் நீண்டுபோன வேலை அழுத்தத்தின் விளைவு என்றுதான் எழுதியது. வேலையிலிருந்து வருவதை வேலையில்தான் சரி செய்ய வேண்டும். அதுவும் அந்த வகுப்பை நைட் முடித்த காலையில் வைத்துக் கையெழுத்து வாங்கினால், உள்ள தூக்கமும் போகும்.

சோர்வை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால் மூன்று அடையாளம். டியூட்டிக்குக் கிளம்பும்போதே காலியாகிவிட்ட உணர்வு. நோயாளியின் பெயர் போய் "12ஆம் பெட்" மட்டும் மிஞ்சுவது. "நாம் செய்வதால் என்ன ஆகப்போகிறது" என்ற எண்ணம். நன்றாக வேலை பார்த்தவர் திடீரென்று நோயாளியின் உறவினரிடம் சுருக்கென்று பேசினால் மெமோ கொடுக்கும் முன் அவருடைய கடைசி ஆறு வார சார்ட்டை எடுத்துப் பாருங்கள்.

---

பதில் 4: வார்டுஇன்சார்ஜ்

ரொம்ப நன்றி. 16 என்ற எண் எங்கிருந்து வந்தது என்றே யாரும் கேட்டதில்லை. போன 9 பேரின் பணிக்காலத்தைப் பிரித்துப் பார்த்ததில் 4 பேர் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் போயிருக்கிறார்கள். 3 பேர் 20 முதல் 26 மாதத்துக்குள். 2 பேர் நான்கு வருடத்துக்கு மேல் இருந்தவர்கள். இதில் ஏதாவது புரிகிறதா? பாண்டு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

பதில் 5: பழையசூப்பரின்டெண்ட்

நன்றாகப் பிரித்திருக்கிறீர்கள் சிஸ்டர். சராசரி 15 பேர் இருந்தார்கள் என்றால் விலகல் 60 சதவீதம். ஆனால் அந்த ஒற்றை எண்ணால் ஒன்றும் தெரியாது. மூன்று கூட்டமும் மூன்று வேறு காரணத்தால் போயிருக்கிறது.

மூன்று மாதத்துக்குள் போன 4 பேரை எடுங்கள். படிப்பு முடித்து நேராக வந்த பிள்ளைகள் என்றால், எந்த நாளிலிருந்து அவர்களைத் தனி ஆளாகக் கணக்கில் எடுத்தீர்கள் என்று பாருங்கள். ஆள் குறைவான வார்டில் நான்காவது நாளே 8 பெட் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆறு வாரம் கணக்கில் சேராத ஆளாக வையுங்கள். முதல் இரண்டு வாரம் ஒரே சீனியருடன், அவர் எந்த ஷிஃப்ட்டோ அதே ஷிஃப்ட். மூன்றாவது வாரம் 2 பெட், நான்காவதில் 4, ஆறாவதில் முழு பங்கு. முதல் நைட் ஐந்தாவது வாரத்துக்கு முன் வேண்டாம். அந்தச் சீனியருக்குச் சொல்லிக்கொடுக்கும் நாட்களில் ஒரு நோயாளியைக் குறைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் சொல்லிக்கொடுப்பதும் அவருக்குத் தண்டனையாகிவிடும். ஆறு வாரச் சம்பளம் 27,000 ரூபாய். நான்கு பேர் ஓடியதில் அந்தச் செலவும் போய், வார்டும் காலியானது.

20 முதல் 26 மாதம்: இது வெளிநாடு. வளைகுடா நாடுகளின் வேலைகளில் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். பிரிட்டன் போக நினைப்பவர் ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுவார், ஜெர்மனி என்றால் பி1, பி2 நிலை ஜெர்மன் மொழி வகுப்புக்குப் போவார். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே இதற்கு வழிகாட்டுகிறது. இந்தப் பிள்ளைகளை நிறுத்த முடியாது, நிறுத்த நினைப்பதும் நியாயமில்லை. ஆனால் அவர்கள் போகும் மாதம் முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அது எப்போது தெரியும்? பரீட்சைக்கு லீவ் கேட்டால் கோபிக்காத வார்டில் மட்டும் தெரியும். பரீட்சை நாளுக்கு ஆஃப் கொடுத்து, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டை இழுத்தடிக்காமல் கொடுத்தால், மூன்று மாதம் முன்பே வந்து சொல்வார்கள். அதற்குள் அடுத்த ஆளுக்கு ஆறு வாரம் முடிந்திருக்கும்.

நான்கு வருடம் இருந்த அந்த இரண்டு பேர்தான் பெரிய இழப்பு. அவர்களைப் பற்றித்தான் யாரும் கவலைப்படுவதில்லை. சம்பள வித்தியாசத்தைப் பாருங்கள்: புதிதாக வந்தவருக்கு 18,000, நான்கு வருடம் ஆனவருக்கு 20,500 என்று இருக்கும். ஆனால் இன்சார்ஜ் இல்லாத நேரமெல்லாம் வார்டைப் பார்ப்பது, கிராஷ் கார்ட் (அவசர மருந்து வண்டி) செக் செய்வது, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, டாக்டர் கத்தும்போது முன்னால் நிற்பது எல்லாம் அவர்தான். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தால் நைட்டில் ஒரு மாதம் சலுகை கேட்பார், "எல்லாருக்கும் ஒரே விதி" என்று பதில் வரும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017இல் மகப்பேறு சட்டத் திருத்தம் வந்தது. உங்கள் மருத்துவமனையில் அது திறந்திருக்கிறதா, இரவிலும் திறந்திருக்கிறதா?

ராஜினாமா கடிதக் காரணத்தை நம்பாதீர்கள். சர்டிபிகேட் கைக்கு வரும்வரை யாரும் உண்மை எழுத மாட்டார்கள். போய் மூன்று மாதம் கழித்து, அவர்களுக்கு மேலதிகாரியாக இல்லாத ஒருவர் போனில் கேட்கட்டும்: "எந்த வாரத்தில் போகலாம் என்று முதன்முதலில் தோன்றியது?" இந்த ஒரு கேள்வி போதும்.

---

பதில் 6: சட்டமேசை

பாண்டு பற்றி.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைப்பதை நிர்வாகம் யோசிக்கவே வேண்டாம். சர்டிபிகேட் அடமானப் பொருள் அல்ல, பணத்துக்கு ஈடாகப் பிடித்து வைக்க முடியாது. சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுங்கள். பாண்டு முழுக்கச் செல்லாது என்றும் சொல்ல முடியாது. ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சப் பணிக்காலமும் 2 லட்சம் ரூபாய் தொகையும் வைத்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கிடைக்காது. ஒருவருக்கு எந்தத் தனிப் பயிற்சியும் கொடுக்காமல் நாலாம் நாள் 8 பெட் கொடுத்துவிட்டு, பயிற்சிச் செலவு என்று ஒரு லட்சம் கேட்டால் எதைக் காட்டுவது?

பாண்டு வார்டுக்குள் என்ன செய்யும் என்பதையும் பாருங்கள். போக விரும்புபவர் உடலால் மட்டும் இருப்பார். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் பாண்டு கேட்கும் இடத்தில் சேரவே மாட்டார்கள்.

சம்பளத்துக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு பரிந்துரைத்தது இது: 200 படுக்கைக்கு மேல் இருந்தால் மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். 100 முதல் 200 வரை என்றால் அதிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை 25 சதவீதம். 50க்குக் கீழ் இருந்தாலும் 20,000க்குக் குறையக் கூடாது. பரிந்துரைதான், மாநில அரசு ஆணை போட்டால்தான் கட்டாயமாகும். இருந்தாலும் உங்கள் 150 படுக்கை மருத்துவமனை கொடுக்கும் 18,000, 50 படுக்கைக்குக் கீழே உள்ளவற்றுக்குச் சொன்ன தொகையைவிடக் குறைவு. கேரளா 2018இல் தனியார் நர்ஸுக்குக் குறைந்தபட்சம் 20,000 என்று அறிவித்தது.

தெர்மாமீட்டர் உடைந்தது, ஆம்பியூல் காணவில்லை என்று வார்டு முழுவதும் பிரித்துச் சம்பளத்தில் பிடிப்பது நடந்தால் உடனே நிறுத்துங்கள். தவறு யாருடையது என்று காட்டி, அவரிடம் விளக்கம் கேட்காமல் பிடிக்கக் கூடாது. 200 ரூபாய்தான், ஆனால் திருடி என்று சொன்ன மாதிரி வலிக்கும்.

இன்னொன்று. நோயாளியின் உறவினர் கை ஓங்கினால் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டின் 48ஆம் எண் சட்டம் நர்ஸுக்கும் சேர்த்துத்தான். மூன்று முதல் பத்து ஆண்டு வரை சிறை. புகாரை மருத்துவமனை கொடுக்க வேண்டும். அடி வாங்கிய ஸ்டாஃபைத் தனியாக ஸ்டேஷனுக்கு அனுப்பக் கூடாது.

---

பதில் 7: வார்டுஇன்சார்ஜ்

அடுத்த வாரம் நிர்வாகத்துடன் மீட்டிங். ஆள் எடுக்க எப்படியும் இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பார்கள். அதுவரை கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம்?

---

பதில் 8: சார்ட்கணக்கு

நர்ஸ் வேலை அல்லாததை எடுத்துவிடுங்கள், நர்ஸ் எடுக்காமலே ஒரு நர்ஸ் கிடைப்பார். மூன்று நாள், ஒவ்வொரு ஷிஃப்டிலும் எல்லாரும் 15 நிமிடத்துக்கு ஒரு கோடு போடட்டும்: நோயாளி பக்கத்தில், மருந்து, எழுத்து, பார்மசி ஓட்டம், பில்லிங் மற்றும் இன்சூரன்ஸ், ஸ்கேனுக்கு நோயாளியைத் தள்ளிக்கொண்டு போவது. டிஸ்சார்ஜ் நாளில் மீதி மருந்தை பார்மசிக்குத் திருப்பி, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பேப்பர் ஒட்டி, பில்லிங் கவுண்டருக்குப் போன் அடித்தே ஒரு ஸ்டாஃபின் காலைப் பொழுது போயிருக்கும். இதற்குக் காலை 9 முதல் மாலை 5 வரை ஒரு வார்டு செக்ரட்டரி போதும், நர்ஸிங் படித்திருக்கத் தேவையில்லை. பார்மசி ஆள் இரண்டு வேளை வார்டுக்கு வந்து இன்டென்ட் (தேவையான மருந்துப் பட்டியல்) எடுத்துப் போகட்டும்.

ஓவரும் வேகமாகும். பெட் வாரியாக, நோயாளி முன்னால் நின்று, ஒருவருக்கு இரண்டு நிமிடம்: எதற்காகச் சேர்ந்தார், இன்று என்ன மாறியது, எந்த ரிசல்ட் வரவேண்டும், அடுத்த ஷிஃப்டில் செய்ய வேண்டியது என்ன. ஆறு பேருக்கு 12 நிமிடம். இப்போது 40 நிமிடம் ஆவது, உட்கார்ந்து கேஸ் ஷீட்டை முதலிலிருந்து வாசிப்பதால்.

டியூட்டி சார்ட்டை 28 நாள் முன்னால் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால், மாற்றியவர் பெயரும் காரணமும் அதிலேயே எழுத வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கடைசிக் கட்டத்தில், அவருக்குக் கொடுக்க வேண்டிய கம்ப் ஆஃப் எத்தனை நாள் என்று சிவப்பு மையில் எழுதி வையுங்கள். மீட்டிங்குக்கு அந்தச் சார்ட்டையே எடுத்துக்கொண்டு போங்கள் சிஸ்டர்.